காரப்பொடியைக் கழுவச் சொன்ன தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில்தான் சொல்ல நினைத்தேன். போன தடவை காரப்பொடி கதையை ஆரம்பித்ததுமே நீ சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை போனைப் பிடுங்கி, "என்ன மச்சான் ஆச்சு?" என்று பதறிவிட்டார். அதனால் எழுதிவிடுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறானே என்று கோபப்படாதே. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டோடு இருக்கிற நம் தெரு ஆம்பளைகள் பாதிப் பேருக்கு இதே மாதிரி ஏதோ ஒரு தங்கச்சி வீடியோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஏப்ரல் 15 அன்று போட்டைக் கட்டினோம். அன்று சாயங்காலமே உன் முதல் லிங்க் வந்துவிட்டது. "அண்ணே, ஜூன் 14 வரைக்கும் சும்மாதானே இருப்ப, செஞ்சு பாரு." சும்மா எங்கே இருக்கிறோம்! போட்டைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, வலை சரி பண்ணி, 61 நாளும் வேலைதான். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயிலில் ஒருத்தனும் நிற்க மாட்டான். அந்த நேரம்தான் உன் வீடியோக்களுக்கு. மொத்தம் 37 அனுப்பியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன். அதில் மூன்றுதான் செய்தேன். உன் மதினியைக் கேட்டால் அந்த மூன்றே அதிகம் என்பாள்.

எனக்குச் சமையல் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. பதினெட்டு வருஷமாக போட்டில் பொங்கித் தின்றவன். ஆனால் போட்டுச் சமையலுக்கு ஒரே சட்டம்தான்: சட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றாதே. ஆட்டத்தில் மீதியெல்லாம் அடுப்பில் போய்விடும். புளி ஒரு உருண்டை, தூள் ஒரு கை, அப்போது வலையில் ஏறிய மீன், கல் உப்பு. தாளிப்பெல்லாம் கரைக்கு வந்தபிறகு. அளவு என்பதே கிடையாது. அப்படிப்பட்டவனிடம் "கால் டீஸ்பூன்" என்று ஒரு பொம்பளைப் பிள்ளை போனுக்குள் இருந்து சொன்னால், எந்த ஸ்பூன் என்று தேடவே பத்து நிமிஷம் போகிறது.

முதலில் குக்கர் கேக். அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. குக்கரின் கேஸ்கெட்டைக் கழற்றி, விசிலை எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பிச் சூடாக்கச் சொன்னார்கள். உப்புக்கு நம் ஊரில் பஞ்சமா? கல் உப்பாகவே கொட்டினேன். மாவு, சர்க்கரை, முட்டை எல்லாம் சரி. பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன் என்றிருந்தது. வீட்டில் ஆப்ப சோடா இருந்தது. இரண்டும் வெள்ளைத் தூள்தானே என்று அதையே இரண்டு ஸ்பூன் போட்டேன். கேக் நன்றாகத்தான் எழும்பியது, நிறமும் நல்ல பழுப்பு. வாயில் வைத்தால் சோப்பு. பிறகுதான் தேடிப் படித்தேன். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புச் சரக்கும் கலந்திருக்கிறதாம், ஈரமும் சூடும் பட்டதும் அது தன்னாலே பொங்கும். ஆப்ப சோடாவுக்கு நாம்தான் தயிரோ எலுமிச்சையோ ஊற்ற வேண்டும். அதுவும் மூன்று நாலு பங்கு வீரியம், அரை ஸ்பூனே போதும். இதை அந்த வீடியோவில் ஒரு வரி சொல்லியிருந்தால் ஆறு முட்டை மிஞ்சியிருக்கும்.

அடுத்தது காரப்பொடி. எழுதும்போதே எனக்கும் சிரிப்பு வருகிறது, சரி. நீ அனுப்பியது வீடியோ இல்லை, எழுத்துக் குறிப்பு, படமும் கிடையாது. "தேவையான பொருட்கள்: காரப்பொடி அரை கிலோ." அரை கிலோவா! யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று நினைத்தேன். அடுத்த வரி: "காரப்பொடியை மூன்று தண்ணீரில் நன்றாக அலசி, தலையைக் கிள்ளி வைக்கவும்." மிளகாய்த்தூளுக்குத் தலை எங்கே இருக்கிறது? உன் மதினியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவளும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு கோயம்புத்தூர் வெயில் ஒத்துக்கலை போல" என்று போய்விட்டாள். கடைசியில் அந்தப் பெயரைப் போட்டுப் படம் தேடினால், வெள்ளி வெள்ளியாய், தட்டையாய், நம் காரல்! சென்னைப் பக்கம் காரலுக்குக் காரப்பொடி என்று பெயராம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று நம் அம்மா தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைப்பாளே, அதே காரல். மீன் பெயரில் ஊருக்கு ஊர் இந்தக் கூத்து இருக்கத்தான் செய்கிறது. ஒருத்தர் மத்தி என்பதைத் தூத்துக்குடிக்காரர் சாளை என்பார். சீலா என்று ஒருத்தர் எழுதினால், அவர் எந்த ஊர் என்று கேட்காமல் கடைக்குப் போகக் கூடாது.

அதையும் செய்தேன். நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே, காரல் கிடைத்தது. குறிப்பில் "காய்ந்த மிளகாய் 12". அந்த அம்மா நீட்டு வத்தலை வைத்து எண்ணியிருக்கிறார். நம் வீட்டில் இருப்பது முண்டு வத்தல். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய். உருண்டை, தோல் தடிப்பு. 12 முண்டு வத்தலை அரைத்ததில் மசாலா சட்டினி பதத்துக்கு வந்துவிட்டது. மீன் தெரியவில்லை, குழம்புக்குள் தேட வேண்டியிருந்தது. மிளகாயை எண்ணிக்கையில் சொல்கிறவர்கள் எந்த மிளகாய் என்றும் சொல்லிவிட்டால் புண்ணியம். ஆனால் ஒன்று, குறிப்பின் அடியில் சோம்பு வறுத்துப் பொடித்துப் போடச் சொல்லியிருந்தார்கள். அது நன்றாக இருந்தது. அதை வைத்துக்கொண்டேன்.

இப்போது மூன்றாவது. இதற்காகத்தான் கடிதமே.

"இளநீர் கடல்பாசி புட்டிங், மூன்றே பொருள், ஐந்தே நிமிடம்" என்று அனுப்பினாயே. கடல்பாசி 10 கிராம், தண்ணீர் இரண்டு கப், இளநீர் இரண்டு கப், சர்க்கரை. கீழக்கரையில் நம் கூட்டாளி வீட்டில் நோன்பு திறக்கும்போது ரோஸ் நிறத்தில் துண்டு துண்டாய் வைப்பார்களே, அதுதான். சரி, கைக்கு எட்டிய வேலை என்று பாக்கெட் வாங்கி வந்தேன்.

உன் மதினி அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே சைனா கிராஸ் என்று போட்டிருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய், காய்ந்த சவ்வு மாதிரி இழை. மோந்து பார்த்தாள். "இதுல எங்க கடல் இருக்கு?" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாசிக்குப் போகிறவள் அவள், உனக்குத் தெரியும். விரலுக்கு விரல் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் கிள்ளி எடுக்கிற மரிக்கொழுந்துப்பாசி. துணி சுற்றியும் விரல் கிழியாத நாள் கிடையாது. அவளை மாதிரியே பாசிக்குப் போகிற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு வெளிநாட்டில் கொடுக்கிற சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்தபோது நம் தெருவே அதைப் பேசியதே. மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதெல்லாம் அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்தப் பாசியும் கஞ்சிப்பாசியும் மூட்டை மூட்டையாய் மதுரைப் பக்கம் போய், வெந்து, வடிந்து, உறைந்து, காய்ந்து இப்படி இழையாகிறது. மிதப்பில் கட்டி வளர்க்கிறார்களே பெப்சிப்பாசி, அது வேறு. அதில் வருவது இந்த இழை இல்லை, கராஜினன் என்று இன்னொரு சரக்கு. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அது கடைசியில் எந்த உருவத்தில், என்ன விலைக்குக் கடையில் தொங்குகிறது என்பது. பாக்கெட்டில் விலையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் செய்த முதல் தட்டு வீண். குழாயில் வந்த தண்ணீரைப் பிடித்தேன். "தண்ணீர் இரண்டு கப்" என்று சொன்னார்களே தவிர எந்தத் தண்ணீர் என்று சொன்னார்களா? நம் போர்வெல் தண்ணீரில் பருப்பே வேகாது. இனிப்பில் உப்பு கரித்தது. அது போதாதென்று, சூடேறியதும் கரைந்திருக்கும் என்று நினைத்து அடுப்பை அணைத்து, ஃப்ரிட்ஜில் இருந்த இளநீரை அப்படியே ஊற்றினேன். ஊற்றின நிமிஷமே திரிந்த பால் மாதிரி நூல் நூலாய் நின்றுவிட்டது.

மறுநாள் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். கடல்பாசி லேசான சூட்டுக்கெல்லாம் கரையாது. 85 டிகிரிக்கு மேல், அதாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். உறைவதோ 40 டிகிரிக்குக் கீழே வந்ததும். அதனால் ஜில்லென்று எதை ஊற்றினாலும் பட்ட இடத்திலேயே கட்டிவிடும். ஒருதரம் உறைந்துவிட்டால் வெயிலில் வைத்தாலும் உருகாது, மறுபடி கொதிக்க வைத்தால்தான் இளகும். ஜெலட்டின் நம் ஊர் மே மாதத்துக்குத் தட்டிலேயே ஓடிவிடும், இது ஓடாது.

இரண்டாவது தடவை குடத்தில் வாங்கின குடிதண்ணீர். இழையைக் கத்தரித்து அரை மணி நேரம் ஊறவைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தேன். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் அதில் ஓர் இழைகூடத் தொங்கக் கூடாது, அதுதான் பதம். பிறகு சர்க்கரை. வடிகட்டி, வெளியே வைத்திருந்த இளநீரை ஊற்றி, தட்டில் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து கரன்ட் போனது. ஃப்ரிட்ஜ் இல்லை, காற்றாடி இல்லை, அக்னி நட்சத்திரம். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்த்தேன். அசையவில்லை. உள்ளே இளநீர் வழுக்கை கண்ணாடிக்குள் மாட்டின மாதிரி தெரிந்தது. கத்தியால் டைமன் டைமனாய்ப் போட்டேன். ஐந்து நிமிடம் என்பது பொய், முழுசாய் இரண்டு மணி நேரம் ஆகும், எழுதி வைத்துக்கொள்.

பிள்ளைகள் தட்டைக் காலி பண்ணினார்கள். உன் மதினி ஒரு துண்டு தின்றாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கே அவள் பரணில் இருந்து ஒரு பை கஞ்சிப்பாசியை இறக்கினாள். நாலு நாள் நல்ல தண்ணீரில் அலசுவதும் மாடியில் காயப்போடுவதுமாக இருந்தாள். கறுஞ்சிவப்பாய் இருந்தது நாளுக்கு நாள் வெளுத்து, கடைசியில் பழைய வேட்டி நூல் மாதிரி ஆனது. ஒரு மணி நேரம் வேகவைத்து, சில சொட்டு எலுமிச்சை பிழிந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். பனங்கருப்பட்டிதான் போட்டாள், சர்க்கரை இல்லை. பாக்கெட் சரக்கு மாதிரி கல்லாய் நிற்கவில்லை. தொட்டால் நடுங்கியது, கரண்டியில்தான் எடுக்க முடிந்தது. கடைசியில் நாக்கில் லேசாய் ஒரு கடல் வாசம். பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். அவள் திண்ணையில் உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாய்த் தின்றாள். நான் கேட்டதற்குப் பாதிதான் கொடுத்தாள்.

அளவு கேட்டேன். "ரெண்டு கை பாசி, அது முங்குற தண்ணி" என்றாள். போட்டுச் சமையலேதான்.

ஜூன் 14 ராத்திரி தடை முடிகிறது. ஐஸும் டீசலும் சொல்லியாகிவிட்டது. இனி எனக்கு லிங்க் அனுப்பாதே, அங்கே டவரும் கிடைக்காது. மதினி நம்பருக்கு அனுப்பு, அவளே கேட்கச் சொன்னாள். எழுத்துக் குறிப்பு வேண்டாமாம், படம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டுமாம். அடுத்த மாதம் வரும்போது பேக்கிங் பவுடர் ஒரு டப்பா வாங்கி வா. புது ரயில் பாலம் திறந்துவிட்டதால் முன்னே மாதிரி மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலிலேயே வந்துவிடலாம். நீட்டு வத்தலும் கால் கிலோ எடுத்து வா, அந்தக் குழம்பை ஒருதரம் அவர்கள் சொன்னபடியே வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

உன் அண்ணன்,
பாம்பன்