கடல்சார் பிஎச்டி பத்தி நம்ம ஊர் பிள்ளைங்களுக்கும் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க கல்வி பக்கத்துல இன்ஜினியரிங், நர்சிங் கவுன்சிலிங் பத்தி நிறைய வருது, கடல் உயிரியல்ல பிஎச்டி பண்ணலாம்னு ஒரு வரி வந்து நான் பாத்ததில்ல. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல கொச்சிக்கு போறவரைக்கும் தலைமையிடமே எங்க மண்டபம் கேம்ப்தான், இப்பவும் இங்க மையம் இருக்கு. பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம், தூத்துக்குடில மீன்வளக் கல்லூரின்னு எல்லாமே கடற்கரையிலயே இருக்கு, ஆனா அங்க சேர என்ன படிக்கணும் எந்த எக்ஸாம் எழுதணும்னு பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் டிகிரி முடிச்ச பிள்ளைங்களுக்கே தெரியல.

மத்திய அரசோட சிஎஸ்ஐஆர் நெட்-ங்கற தகுதித் தேர்வ லைஃப் சயின்ஸ்ல எழுதி ஜேஆர்எஃப்-ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. படிக்கிறதுக்கு சம்பளமான்னு கேக்குற வீடுங்க இங்க நிறைய இருக்கு சார், பணம் வரும்னு தெரிஞ்சாலே எம்எஸ்சி முடிச்ச பொண்ண வீட்டுல உக்கார வைக்க மாட்டாங்க.

வேலையும் கொட்டிக் கிடக்கு. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு முங்கியே போச்சு, காரியாசல்லி தீவு சுருங்கிக்கிட்டே வருது, 2016 வெயில்ல பவளப்பாறை வெளுத்து ஏகப்பட்டது செத்துச்சு. பாக் விரிகுடாவுல ஆவுளியாவுக்காக, அதான் கடல்பசுவுக்காக, 2022-ல 448 சதுர கிலோமீட்டர காப்பகமா அறிவிச்சாங்க, அது மேயிற கடல்புல் எங்க வளருது எங்க அழியுதுன்னு வருஷா வருஷம் பாக்க ஆள் வேணும்ல? வாடைக்காத்து அடிச்சா வடகடல் (பாக் விரிகுடா) கலங்கும், கச்சான் காத்து அடிச்சா தென்கடல்ல (மன்னார் வளைகுடா) எறங்க முடியாதுங்கறது எங்க பிள்ளைங்களுக்கு சின்ன வயசுலயே தெரியும், பாசி எடுக்கப்போற அம்மாமாரு கூடவே போய் வளந்ததுங்க, இந்த ஆராய்ச்சிக்கு அதுகளவிட பொருத்தமானவங்க யாரு?

தடை என்னன்னா அந்த நெட் கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான் வருது, தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்க அங்கயே தயங்கி நின்னுடறாங்க. மீனவர் வீட்டு பட்டதாரிகளுக்கு ஐஏஎஸ் எக்ஸாமுக்கு மீன்வளத்துறை கோச்சிங் குடுக்குது, அதே மாதிரி நெட்டுக்கும் ராமநாதபுரத்துலயோ தூத்துக்குடிலயோ ஒரு சென்டர் போடணும். நீங்களும் பிஎச்டி அட்மிஷன் அறிவிப்பு, நெட் விண்ணப்ப கடைசி தேதி இதெல்லாம் வரும்போது எங்க மாவட்ட பதிப்புலயாவது தமிழ்ல தெளிவா போடுங்க, பெட்டிக்கடைல பேப்பர் படிக்கிற அப்பாமாரு பாத்துட்டு வீட்டுல போய் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்