மித்ராஸ் முகத்தில் அடிக்கும் விளக்கை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ரோமானியக் கூடத்தைப் புதுப்பித்துத் திறந்த நாள்முதல், ரோமானியர் காலத்தில் வணங்கப்பட்ட மித்ராஸ் என்ற கடவுள் காளையைக் குத்தும் அந்தப் புடைப்புச் சிற்பம் எதிர் விளக்கில் சரியாகத் தெரியவில்லை என்று பார்வையாளர்கள் சொல்லிவருவது உங்களுக்குத் தெரியும். நானும் எழுதிக் கொடுத்தேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நன்றி இருக்கட்டும், விளக்கை மாற்றுங்கள்.

போன வாரம் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். "தேள் எங்கே, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்றார் ஆசிரியை. கயிற்றோரம் நின்று எம்பி எம்பிப் பார்த்தார்கள். நேர் எதிரிலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சத்தில் அந்தக் கல் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கிறது. நாயும் பாம்பும் காயத்தை நோக்கித் தாவுவது குத்துமதிப்பாகத் தெரிந்தது. காளையின் விதைப்பையைக் கவ்வும் தேள் தெரியவே இல்லை. வால் நுனியில் விளைந்திருக்கும் கோதுமைக் கதிரும் இல்லை. கடைசியில் ஆசிரியை வேறொரு ஊர்ச் சிற்பத்தின் படத்தைக் கைபேசியில் தேடி எடுத்தார். அசல் கல் கண்ணெதிரே நிற்க, பிள்ளைகள் போனைச் சுற்றி நின்றார்கள்.

புடைப்புச் சிற்பத்துக்கு நிழல் வேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் இது குகை போலக் கட்டிய கோயிலில், எண்ணெய் விளக்கொளியில் பார்ப்பதற்காகவே செதுக்கியது. வட இங்கிலாந்தில் ரோமானியர் எல்லைக் காவலுக்குக் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கேரோபர்க்கில் 1950ல் அகழ்ந்த மித்ராஸ் கோயிலில் ஒரு பலிபீடம் கிடைத்தது. கடவுளின் தலையைச் சுற்றியுள்ள கதிர்களைக் கல்லில் துளையாகவே குடைந்திருக்கிறார்கள். பின்னால் விளக்கை வைத்தால் கதிர்கள் எரியும். எல்லைக் காவலில் கிடந்த படையினருக்கு இருந்த வெளிச்ச அறிவு இது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சமயத்தார் வேதம் என்று எதையும் நமக்கு விட்டுப்போகவில்லை. தீட்சை பெற்றவர்கள் வாய் திறக்கவில்லை. மித்ராஸ் ஏன் காளையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புகிறான், காகம் என்ன சேதி கொண்டுவருகிறது, இருபுறமும் நிற்கும் இருவரில் ஒருவன் பந்தத்தை உயர்த்தியும் மற்றவன் தாழ்த்தியும் பிடிப்பது எதற்கு என்றெல்லாம் அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் கல்லை வைத்துத்தான். அந்தக் கல்லையும் படிக்க முடியாமல் செய்துவிட்டால் மிச்சம் என்ன?

லண்டனில் 1954ல் வெளிப்பட்ட மித்ராஸ் கோயிலை 2017ல் மறுபடியும் திறந்தார்கள். மிஞ்சியது அடிச்சுவர்கள்தான். மங்கிய ஒளியையும் மூட்டத்தையும் வைத்தே மேல்சுவரை எழுப்பிக் காட்டினார்கள். இல்லாததை அவர்களால் காட்ட முடிகிறது, இருப்பதை உங்களால் மறைக்க முடிகிறது.

உங்கள் சிற்றுண்டிக் கூடத்தில் மட்டும் பக்கவாட்டு விளக்கு பிரமாதம். கேக்கின் மேல் க்ரீம் மடிப்பு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெரிகிறது. அந்த விளக்குக்காரர் யாரோ, அவரையே ஒருநாள் மாடிக்கு அனுப்பலாம். கடையில் விற்கும் காந்த வில்லையில்கூடத் தேள் தெரிகிறது. காசு கொடுத்தால்தான் தெரியும் போலும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். எதிர் விளக்குகளை அணைத்துவிட்டு, இடப்பக்க மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரே ஒரு மங்கிய விளக்கு வையுங்கள். "பாதுகாப்புக் காரணம்" என்று மறுக்கவும் வழியில்லை, இப்போதிருப்பதைவிடக் குறைந்த வெளிச்சத்தைத்தான் கேட்கிறோம். மின்கட்டணமும் குறையும். நிரந்தரமாக மாற்றத் தயக்கம் இருந்தால், வாரத்தில் ஒருநாள் மாலை மட்டும் முயன்று பாருங்கள். கயிற்றையும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே அறிவித்தால் அந்த ஆசிரியைக்கும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தொடர்ந்து வந்துபோகும் ஒரு பார்வையாளர்