கார் கழுவிய இடத்தில் விழுந்த கீறல்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் சுழலும் பிரஷ் உள்ள இடத்தில் காரைக் கழுவக் கொடுத்தேன், வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். முந்தைய வண்டியின் மணல் பிரஷில் ஒட்டியிருந்தால் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சோ நம் தலைமுடியை விட மெல்லியது. கேட்டால் 'நாங்கள் பொறுப்பல்ல' என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பலகை மாட்டினால் பொறுப்பு போய்விடுமா?

இப்படி நடந்தால் அங்கேயே நின்று போட்டோ எடுங்கள், ரசீதோடு புகாரை எழுத்தில் கொடுங்கள். அவசரப்பட்டு பாலிஷ் போடாதீர்கள், சாட்சியே அழிந்துவிடும். அப்புறம், நகத்தால் வருடும்போது தட்டுகிற கீறல் பெரும்பாலும் பாலிஷில் போகாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். அந்தச் செலவை அவர்கள்தான் ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்