சாரின் கோப்பு கிடைத்துவிட்டது

பாளையங்கோட்டை
16 நவம்பர் 2025

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கோபப்படாதே. பாப்பாவுக்குக் கல்லூரிக்கு என்ன லேப்டாப் வாங்கலாம், உனக்கு என்ன போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அது மட்டும் என்றால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், ‘அப்பா தன் கதையைச் சொல்லிச் சொல்லி நாம் அடித்ததெல்லாம் நம் டைப்பிங் கடைக் கம்ப்யூட்டரோடு போயிற்று’ என்று, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தாமதத்துக்குக் காரணம் அதுவே. முதலில் லேப்டாப் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

புதிது வேண்டாம். கம்பெனிகள் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த திங்க்பேட் டி480 ஒன்று பார். 2018-இல் வந்த மாடல். நினைவகத்துக்கு இரண்டு ஸ்லாட். உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கையாலேயே தள்ளிக் கழற்றுகிற பேட்டரி இன்னொன்று. புதியதன் விலையில் பாதிகூட ஆகாது. டி470 கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், கடைக்காரர் அதைத்தான் முதலில் நீட்டுவார். ஆனால் அதன் பிராசசர் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 அதை ஏற்காது. டி480-ஐ ஏற்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு போன அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இந்த ஒரு எண் வித்தியாசம் முக்கியம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் பாப்பா போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் எதை வாங்கினாலும் சரி. அவளிடம் கேள், நீயாக முடிவெடுக்காதே.

எதை வாங்கினாலும் நான் இப்போது பார்ப்பது ஒன்றுதான். உள்ளே போனால் வெளியே வர வழி இருக்கிறதா? அடிமூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா? நான் எழுதியதை நாளைக்கு வேறொன்றில் திறக்க முடியுமா? திரை பளபளப்பு, கேமரா மெகாபிக்சல் எல்லாம் அப்புறம். இந்தப் புத்தி பட்டுத்தான் வந்தது. மூன்று வருடம் முன்பு தோசைக்கரண்டி கனத்தில் ஒரு லேப்டாப் வாங்கினேனே, பெயர் வேண்டாம், அதில் பேட்டரி உப்பி டச்பேடையே மேலே தூக்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி, மேல்மூடி, கீபோர்டு எல்லாம் ஒரே பாகமாகத்தான் மாற்றுவோம் என்றார்கள். அந்தக் காசுக்குப் பழைய மொபெட் ஒன்று வாங்கியிருக்கலாம்.

போனும் அப்படித்தான். பிக்சல் 8 முதல் கூகுளும், எஸ்24 முதல் சாம்சங்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்கின்றன. நல்ல விஷயம். ஆனால் ஏழு வருடம் ஓடுகிற மென்பொருளுக்கு உள்ளே மூன்று வருடத்தில் மூச்சு வாங்குகிற பேட்டரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி வைக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. விலக்குகளும் வைத்திருக்கிறார்கள், பார்ப்போம். உனக்கு அவசரம் இல்லையென்றால் இப்போது இருக்கிற போனில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டு.

நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? டார்ச் வைத்தது. கரண்ட் போனால் நம் கடையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவோம். அந்த போன் வந்து 22 வருடம் ஆகிறது. அதன் பிஎல்-5சி பேட்டரி இன்றும் நம்மூர் ரீசார்ஜ் கடைகளில் கொக்கியில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் அம்மா காலையில் சாமி பாட்டுக் கேட்கிற சின்னப் பெட்டிக்குள்ளும் அதுதான் இருக்கிறது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். போன் செத்தும் பேட்டரி வாழ்கிறது!

சரி, சாருடைய விஷயம். (உனக்கு அப்பா, எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து சார்தானே.)

முருகன்குறிச்சிக் கடையைக் காலி செய்தபோது கம்ப்யூட்டரைத்தான் விற்றோம். சிடிகளை நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். மறந்தே போயிற்று. உன் கடிதம் படித்த அன்று ஏறி எடுத்தேன். 14 சிடி. எல்லாவற்றிலும் உன் கையெழுத்து: ‘கல்யாணம் 2001’, ‘காலேஜ் ப்ராஜெக்ட்’, ‘கோயில் நோட்டீஸ்’. ஒன்றில் மட்டும் ‘அப்பா’.

அதுதான் படிக்கவில்லை. ஓரத்தில் சாயம் வெளுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் நிலவில் கறை மாதிரி தெரிந்தது. புது டிரைவ் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. பழைய கடையில் ஒரு டெஸ்க்டாப் டிரைவ் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்கிற நிரலைப் போட்டேன். அது ஒரு கெட்டிக்காரன். கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய், படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் திரும்பி வந்து விட்ட இடங்களைச் சுரண்டும். எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்று கணக்கும் எழுதி வைக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஒரே ஒரு செக்டர், அதாவது சிடியில் ஒரு சின்னத் துண்டு, தவிர எல்லாம் வந்திருந்தது.

அடுத்த மதில் பேஜ்மேக்கர், நாம் பக்கம் வடிவமைத்த மென்பொருள். அந்த மென்பொருளை விட்டு உலகம் எப்போதோ போய்விட்டது. ஆனால் லிபரே ஆபீஸ் என்கிற இலவச மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது தெரியுமா? யாரோ சில பேர் உட்கார்ந்து, செத்துப்போன கோப்பு வடிவங்களைப் பிரித்துப் பார்த்து அதற்கென்றே நிரல் எழுதியிருக்கிறார்கள். பக்க அமைப்பு கந்தலாகத்தான் வந்தது. எழுத்து இருந்தது. ஆனால் தமிழாக இல்லை! ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரல் தானாக அசைந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த நம் பாமினி எழுத்துருவில் அதுதானே ‘தமிழ்’.

இதில் தப்பு நம்முடையதுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி, தமிழ் 99 என்கிற பொது விசைப்பலகையும், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கிற டாம், டாப் குறியேற்றங்களும் முடிவு செய்தார்கள். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் தமிழ் வந்தது. நாம் என்ன செய்தோம்? ‘கஸ்டமர் எல்லாரும் பாமினிதான் கேக்கான், பிரஸ்ஸிலும் பாமினிதான்’ என்று விண்டோஸ் 98-ஐக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். அதற்குள் கடையே இல்லை.

அந்தக் காலத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, எங்கெங்கோ இருந்தவர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அவர்களும் முதலில் யூனிகோடில் இல்லை. ஆனால் காலம் மாறியபோது கூடவே மாற்றிக்கொண்டு வந்தார்கள். அதனால் அந்த நூல்கள் இன்று போனிலேயே திறக்கின்றன. நம் 14 சிடி பரணுக்குப் போனது.

பாமினியை யூனிகோடாக மாற்றக் கருவிகள் நிறைய இருக்கின்றன. நான் வீம்புக்குப் பைத்தான் நிரல்மொழியில் நானே எழுதினேன். முதல் ஓட்டத்தில் எல்லாம் குளறுபடி. பாமினியில் நாம் பார்க்கிற வரிசையிலேயே அடிப்போம், ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடில் ‘க’ முதலில், ஒகரக் குறி பின்னால். ஆகையால் மூன்று விசை எழுத்துகளை முதலில் மாற்ற வேண்டும், அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. வரிசை மாறினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் அனாதையாக நிற்கும். இரண்டு நாளில் சரிசெய்தேன். பக்கம் பக்கமாகச் சாருடைய தமிழ். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியபோது பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினாரே, அது வரைக்கும் இருக்கிறது.

உன் அம்மாவைப் பற்றி எழுதியதை முதலில் படிக்கலாம் என்று ‘கௌரி’ என்று தேடினேன். இல்லை. ஒன்றுகூட இல்லை. 46 பக்கத்தில் மனைவி பெயரை ஒரு தரம்கூட எழுதாத மனிதரா சார்? உருட்டிக்கொண்டே போனால் இரண்டாம் பக்கத்திலேயே ‘கௌரி’ என்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் பேய் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தமிழ்க் கணிமைக் குழுவில் கேட்டேன். எவரோ ஒருவர், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, அன்று இரவே பதில் எழுதினார். ஔகாரத்துக்கு வலப்பக்கம் வருகிற குறியும் ‘ள’ எழுத்தும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. என் நிரல் அதைக் கொம்பு, க, ள என்று மூன்றாகப் பிரித்து ‘கெள’ ஆக்கியிருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றினால் ‘தெளிவு’ கெட்டுப்போகும், ‘வெள்ளம்’ கெட்டுப்போகும். ஆகவே அந்த ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு, வெறுமனே நின்றால் மட்டும் ஔகாரமாக்கு என்றார். இரண்டு வரி நிரல். ஓட்டினேன். கௌரி, கௌரி, கௌரி. மொத்தம் 31 இடம். மௌனமும் பௌர்ணமியும் கூடவே சரியாயின.

இந்த மாதிரி ஆட்களை நம்பித்தான் நான் இன்னும் இணையத்தில் இருக்கிறேன். நம் கடை வாசலில் உட்கார்ந்து, காசு வாங்காமல் பிரிண்டரைப் பிரித்துக் காட்டுவாரே ஒரு பெரியவர், அந்த ஜாதி. அவர் பதில் பொதுவில், தேடினால் அகப்படுகிற இடத்தில் இருக்கிறது. அடுத்து எவனாவது தன் அப்பா கோப்போடு மாட்டிக்கொண்டால் கேட்காமலே எடுத்துக்கொள்வான். இதையே நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தால்? ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கத்துக்கும் எலுமிச்சைத் தோலின் நன்மைகளுக்கும் நடுவில் பதில் வந்து, மத்தியானத்துக்குள் மேலே போய்விட்டிருக்கும். அந்தக் குழுவைக் குறை சொல்லவில்லை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிகிறது. ஆனால் அது திண்ணை, நூலகம் இல்லை.

நூலகம் என்று நினைத்ததும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்க்குட் என்கிற சமூக வலைத்தளத்தை 2014 செப்டம்பர் 30-இல் மூடினார்கள். நாம் இரண்டு பேரும் எழுத்துருச் சண்டை போட்ட மின்னஞ்சல் குழு இருந்த இடமும் போய்விட்டது. எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், நான்தான் நாளைக்கு என்று விட்டுவிட்டேன். நீ ‘தமிழ் 99 எனக்குச் செத்தாலும் வராது’ என்று எழுதிய மடல் அதில்தான் இருந்தது. இப்போது எதில் அடிக்கிறாய்? ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறாயா? உன் கடிதத்தில் ‘ன’வும் ‘ண’வும் தடுமாறுவதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

கூரியரில் ஒரு பென் டிரைவ் வருகிறது. அதில் சாருடைய கோப்பை மூன்று விதமாக வைத்திருக்கிறேன்: வெறும் யூனிகோடு உரை, அச்சுக்கு ஒரு பிடிஎஃப், சிடியிலிருந்து எடுத்த அசல் அப்படியே. இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. பாப்பாவிடமும் ஒன்று கொடுத்து வை.

ஒரு செக்டர் மட்டும் வரவில்லை என்றேன் இல்லையா. சிடியில் ஒரு செக்டர் 2048 பைட். பாமினியில் ஒரு விசைக்கு ஒரு பைட், ஆக ஏறக்குறைய ஒரு பக்கம் போயிற்று. சுத்தமாக, ஈரத்துணி வைத்துத் துடைத்த மாதிரி. 19-ஆம் பக்கம் இப்படி முடிகிறது: ‘அன்று படகில் நாங்கள் மூன்று பேர். நடு ஆற்றுக்கு வந்ததும் ஓடக்காரர் துடுப்பை வைத்துவிட்டு’. அவ்வளவுதான். அடுத்து இருப்பது, ‘என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் கௌரி. கரை சேரும் வரை சிரித்தாள்.’

டிடிரெஸ்க்யூவை இன்னும் நாலு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வரவில்லை. அம்மாவிடம் உட்கார்ந்து கேளேன், படகில் என்ன நடந்தது, என்ன சொன்னாள் என்று. சொல்வதை அப்படியே போனில் பதிவு செய்து அனுப்பு, நான் அடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுடலை