‘நெட்வொர்க் கார்டு போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினிகளை எடைக்குப் போடாமல் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை மனமார வரவேற்கிறேன். ஆனால், அப்படி மாறுகிறவர்களை முதலில் தடுமாற வைக்கும் இணைய இணைப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் வீட்டு மேசைக் கணினியில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்திய அன்றே இணையம் நின்றுபோனது. பழுது பார்க்கும் கடையில், மதர்போர்டில் உள்ள, இணையக் கேபிளைச் செருகும் லேன் போர்ட் எரிந்துவிட்டது என்றும், புதிய நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட வேண்டும் என்றும், லினக்ஸையும் எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்கள். கேபிளைச் செருகியதும் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்ததால் எனக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. வீட்டுக்கு வந்து டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்), கணினி கண்டறிந்த உட்கருவிகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ (lspci) என்ற கட்டளையைக் கொடுத்தேன். பட்டியலில் மதர்போர்டிலேயே உள்ள நெட்வொர்க் கார்டு இருந்தது. அடுத்து, நெட்வொர்க் கார்டுகளின் பெயர்களைக் காட்டும் ‘ஐபி லிங்க்’ (ip link) கொடுத்தபோது காரணம் புலப்பட்டது. இன்றைய லினக்ஸ் பதிப்புகள் பெரும்பாலும், கருவிகளை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ தடத்தில் கார்டு அமர்ந்திருக்கும் இடத்தின் எண்ணை வைத்தே அதற்குப் பெயர் சூட்டுகின்றன. புதிய எஸ்எஸ்டி அந்த வரிசையில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டதால், அதுவரை ‘ஈஎன்பி2எஸ்0’ (enp2s0) என்றிருந்த என் கார்டு ‘ஈஎன்பி3எஸ்0’ (enp3s0) ஆகிவிட்டது. பிரிண்டருக்காக நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினிக்குரிய எண்) கொடுத்து நான் எழுதிவைத்திருந்த கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. அந்த ஓர் எண்ணைத் திருத்தியதும் இணைப்பு வந்துவிட்டது.

வைஃபை கார்டுகளின் கதை வேறு. அவற்றில் பல, தமக்குரிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) கோப்பு கணினியில் இருந்தால்தான் இயங்கும். அது இல்லையென்றால் ‘டிஎம்இஎஸ்ஜி’ (dmesg) கட்டளை காட்டும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் அந்தக் கோப்பின் பெயரே வந்து நிற்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் திட்டத்தினர் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய கோப்புகளை நிறுவல் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள், இணையமே இல்லாமல் கோப்பை எப்படி இறக்குவது என்று கலங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து கைபேசியின் இணையத்தைக் கணினியோடு பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் பெரும்பாலும் அதையே ஒரு நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்ளும். மடிக்கணினியாக இருந்தால், ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) கொடுத்து, வைஃபை பொத்தானால் முடக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடலாம்.

எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டே காணப்படவில்லை, பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருள்) அமைப்பிலும் அது முடக்கப்படவில்லை என்னும் நிலையில்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். பழுது பார்க்கும் கடைக்காரர்கள் புதிய கார்டுக்கு விலை சொல்வதற்கு முன், அந்தப் பட்டியலை வாடிக்கையாளரிடம் திரையில் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் தேடிப் படிக்க இயலாதவர்களுக்காக, இந்தச் சோதனைகளைக் கணினித் திரையின் படங்களோடு தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருநெல்வேலி