பேப்பர் போடும் முன் ஒரு வரி: மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐடி நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிகள் போனில் சொல்லும் ஒரு பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். "வொர்க் ஃப்ரம் ஹோம்தான் சார், பெங்களூரு சும்மா பேஸ் லொகேஷன்." அதாவது பெங்களூரு பெயரளவில்தான் பணியிடமாம். இதை நம்பித் திருநெல்வேலியில் இருப்பவர் பேப்பர் போட்டுவிடுகிறார், அதாவது இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறார். 90 நாள் நோட்டீஸ் பீரியடும் ஓடிவிடுகிறது. சேர்ந்த வாரத்தில் மெயில் வருகிறது: வாரம் ஐந்து நாள் அலுவலகம். பெங்களூருவில் வீடு பிடிக்க, மாத வாடகை 18,000 என்றாலும் ஆறு மாத அட்வான்ஸுக்கே 1,08,000 ரூபாய் புரட்ட வேண்டும்.

கன்சல்டன்சி ஏன் அப்படிச் சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், வழக்கமான கமிஷன். சேர்ந்தவர் 90 நாள் வேலையில் நீடித்துவிட்டால் மாற்று ஆள் தரும் பொறுப்பும் பெரும்பாலும் முடிந்துவிடும். சேர்ந்தவரால் உடனே விலகவும் முடியாது. இரண்டே மாதத்தில் விலகினால் பிஎஃப் கணக்கின் பணி வரலாற்றில் அது பதிவாகி நிற்கும். அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஆஃபர் லெட்டரில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, நிறுவனம் விரும்பும் எந்த ஊருக்கும் மாற்றலாம் என்பது. மற்றொன்று, இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ பேசிய எதுவும் செல்லாது என்பது. போனில் கொடுத்த வாக்கு அந்த இரண்டாவது வரியிலேயே அடிபட்டுப்போகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகள் தவறான தகவலால் பெற்ற சம்மதத்தை ரத்து செய்ய இடம் தருகின்றன. ஆனால் சாதாரணக் கவனம் இருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் அந்த உரிமை இல்லை என்று 19ஆம் பிரிவே விலக்கும் வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட லெட்டரை நிறுவனம் காட்டினால் சேர்ந்தவர் என்ன பதில் சொல்வார்?

விவரம் தெரிந்தவர்கள் போனை வைத்ததும் "நாம் பேசியபடி முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை, உறுதிப்படுத்தவும்" என்று மெயில் போடுகிறார்கள். பதில் மெயிலில் வருவதில்லை. மறுபடி போன்தான் வருகிறது: "அதெல்லாம் மேனேஜரிடம் பேசிக்கலாம் சார்." எழுத்தில் தர மறுக்கும் அந்த இடத்தில்தான் நீங்கள் தலையிட வேண்டும். அந்த மெயிலுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்தே, அவர் பேப்பர் போடும் முன்பே, எழுத்தில் பதில் போகட்டும்.

விளம்பரத்தில் "ஹைப்ரிட்" (சில நாள் அலுவலகம், சில நாள் வீடு) என்று மட்டும் போடாதீர்கள். மாதம் இரண்டு நாள் அலுவலகம் வந்தாலும் ஹைப்ரிட்தான், வாரம் நான்கு நாள் வந்தாலும் ஹைப்ரிட்தான். எந்த ஊர், மாதம் எத்தனை நாள், அந்த ஏற்பாடு எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். ஆஃபர் லெட்டரில் இப்படி ஒரு வரி போதும்: "பணியிடம் ஊழியரின் வீடு, மாற்றுவதானால் 90 நாள் முன்னறிவிப்பு." நோட்டீஸ் பீரியடுக்கு அவரிடம் 90 நாள் கேட்கும்போது இதையும் தரலாம். அப்படி எழுத முடியாத வேலையை ரிமோட் என்று விளம்பரம் செய்யவே கூடாது. கன்சல்டன்சி ஒப்பந்தத்திலும், பணியிடம் பற்றித் தவறாகச் சொன்னது தெரிந்தால் கமிஷன் கிடையாது என்று சேருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து சேர்ந்தவர்கள் விலகக் கேட்டால், நோட்டீஸ் தொகையும் ஜாயினிங் போனஸும் பிடிக்காமல் ரிலீவிங் லெட்டர் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆஃபர் லெட்டர்களை வரிவரியாகப் படித்துச் சொல்லும் சிலர்