நாகையில் கப்பல் இறங்கியவரை அன்றிரவே புதுச்சேரிக்கு ஏற்றாதீர்கள்

யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பலோடு சேர்த்துப் பயணம் ஏற்பாடு செய்யும் முகவர்களுக்கும், நாகைத் துறைமுக வாசலில் வண்டியோடு காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கும்,

வணக்கம்.

"மாலை நாகை, இரவு புதுச்சேரி" என்று தாளில் ஒரு வரி எழுதுவது சுலபம். அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதுதான் இந்த மடல்.

கப்பல் பிற்பகலில் காங்கேசன்துறையை விட்டுக் கிளம்புகிறது. கடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நாகைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். சுமார் 150 பேர் ஏறக்கூடிய கப்பல் அது. குடிவரவு, சுங்கம், பெட்டி சோதனை எல்லாம் முடிந்து கடைசி ஆள் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆக, வேன் நகரும்போது இரவு ஏழு, ஏழரை. அங்கிருந்து புதுச்சேரி சுமார் 150 கி.மீ. நிற்காமல் போனாலும் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவை ஒட்டித்தான் போய்ச் சேருவீர்கள்.

தொலைபேசி வரைபடம் இதைவிடக் குறைவாகக் காட்டலாம். அதை நம்பி நேரம் சொல்லிவிடாதீர்கள். இந்தத் தடத்தில் நடுப்பகுதி மட்டுமே வேகம்: சீர்காழியை அடுத்த சட்டநாதபுரத்திலிருந்து கடலூருக்குத் தெற்கே பூண்டியாங்குப்பம் வரை, 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட 57 கி.மீ. நான்குவழிச் சாலை. இரு நுனிகளிலும் கணக்கு வேறு. நாகை, நாகூர், திருமலைராயன்பட்டினம், காரைக்கால், பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர் என்று பழைய சாலை ஊருக்குள் புகுந்து புகுந்துதான் போகும். அந்தப் பக்கம் கடலூரிலிருந்து அரியாங்குப்பம், முதலியார்பேட்டை வரையும் அப்படியே. குறுவை அறுவடையின்போதும், தை மாசியில் சம்பா அறுவடையின்போதும் டெல்டாச் சாலைகளில் நெல் காயும். பகலில் ஒதுங்கிப் போய்விடலாம். இரவில் தார்ப்பாய் போட்டு மூடிய நெற்குவியல் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும். மாடுகளைப் பற்றி ஓட்டுநர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வந்திறங்குபவர் நிலையையும் பாருங்கள். கையில் இந்தியக் காசு இருக்காது, இருந்தாலும் போதாது. இரவு நேரத்தில் நாணய மாற்றுக் கடை திறந்திருக்கும் என்று எண்ண முடியாது. சிம் வாங்கினாலும் உயிர் பெற நேரம் எடுக்கும். இந்திய எண் இல்லாமல் பல செயலிகளில் ஓ.டி.பி. வராது, அது வராமல் பேருந்து முன்பதிவோ வாடகைக் காரோ எடுப்பது சிரமம். வழியில் தேநீர்க் கடையில் எல்லோரும் ஜிபே காட்ட, இவர்கள் விழிப்பார்கள். காலை பத்து மணிக்கு நாகைக் கடைத்தெருவிலோ காரைக்காலிலோ இதெல்லாம் அரை மணி நேர வேலை.

கடல் கொந்தளித்தால் கப்பல் அன்று கிளம்பாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவையே நின்றுவிடுவது வழக்கம். ஆகவே, வந்து சேரும் இரவுக்குப் புதுச்சேரியில் பணம் திரும்பாத அறையைப் பதிவு செய்து வைப்பது வாடிக்கையாளர் காசைக் கடலில் போடுவது. முதல் இரவு நாகை அல்லது நாகூர் என்று எழுதுங்கள். இன்னொன்று: மின்விசா எல்லா நுழைவாயிலிலும் செல்லாது, குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லும். விசாவின் வகையையும் நுழைவாயில் பட்டியலையும் பார்க்காமல் கப்பல் சீட்டு போடாதீர்கள்.

இனிப் பகல் பயணம். இப்படி ஒரு தடம் இந்தியக் கடற்கரையில் வேறெங்கும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. நாகை போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போய், 1781-இல் ஆங்கிலேயரிடம் விழுந்த ஊர். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரருடையது. பதினான்கு, பதினைந்து கி.மீ. தாண்டினால் தரங்கம்பாடி, டேனிஷ்காரர். சிதம்பரத்துக்கு வடகிழக்கே பரங்கிப்பேட்டை, பரங்கியர் அதாவது ஐரோப்பியர் இருந்த ஊர் என்று பெயரே சொல்லிவிடும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. கடைசியில் புதுச்சேரி. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை உடனே பிடிபடும். இதை இருட்டில் தூங்கிக்கொண்டே கடக்கவா காசு வாங்குகிறீர்கள்?

காலை ஏழுக்கு நாகையில் கிளம்புங்கள். இட்லியை அங்கேயே முடித்துவிடுவது நல்லது. எட்டரைக்குள் தரங்கம்பாடி. 1792-இல் திரும்பக் கட்டிய நகர வாயில் வழியே உள்ளே போனால் ராஜவீதி நேரே கடலுக்குப் போகும். சீயோன் தேவாலயம் 1701, புதிய எருசலேம் ஆலயம் 1718. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழில் அச்சேற்றிய புதிய ஏற்பாடு இந்த ஊரில்தான் வெளிவந்தது. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பக்கத்தில் 1620-இல் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. உள்ளே அருங்காட்சியகம் காலை பத்துக்குத்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளியன்று கூட்டிப்போய் வெளிச்சுவரைக் காட்டித் திரும்பாதீர்கள். ஊரைப் பொறுமையாகச் சுற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். நிழல் குறைவு, தண்ணீர் வண்டியிலேயே இருக்கட்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் சிதம்பரத்தைத் தாண்டிப் போகச் சம்மதிக்க மாட்டார். நடராசர் கோயில் உச்சிக்காலம் முடிந்து நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். கோட்டைக்குள் போகக் காத்திருந்தால் பதினொன்றுக்குத்தான் கிளம்புவீர்கள், கோயில் கைவிட்டுப் போகும். கோயில் வேண்டுமென்றால் ஒன்பதரைக்கே தரங்கம்பாடியை விட வேண்டும்; கோட்டையை வெளியிலிருந்து மட்டும் பார்த்துக்கொள்ளலாம். கோட்டையா, கூத்தனா என்பதை முதல் நாளே வண்டியில் உள்ளவர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். நான்குவழிச் சாலை சிதம்பரத்துக்குள் போகாது. விலகி உள்ளே வர வேண்டும். மதியச் சாப்பாடும் அங்கேதான். கொத்சு கிடைக்கும் கடையாகப் பாருங்கள்.

அப்படி வந்தால் மூன்றரை, நான்கு மணிக்குப் புதுச்சேரி. இதற்கும் காரணம் இருக்கிறது. மாலை ஆறு முதல் மறுநாள் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நள்ளிரவில் வரும் வேன் கடற்கரை விடுதி வாசலுக்குப் போகவே முடியாது. பெட்டிகளைத் தெருமுனையிலிருந்து இழுக்க வேண்டும்.

ஓட்டுநர்களுக்குத் தனியாக. இந்தத் தடத்தில் மாநில எல்லையை மூன்று முறை கடக்கிறீர்கள்: நாகூரைத் தாண்டியதும் வாஞ்சூர், காரைக்கால் வடக்கே நண்டலாறு, கடலூரைத் தாண்டி முள்ளோடை. அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் இல்லாத வாடகை வண்டிக்குப் புதுச்சேரிக்கான பெர்மிட்டும் வரியும் முன்கூட்டியே வேண்டும். புதுச்சேரி இன்னும் தூரம்தானே என்று விட்டுவிடக் கூடாது. காரைக்காலும் அதே யூனியன் பிரதேசம், முதல் பத்து கி.மீ.க்குள்ளேயே எல்லை வந்துவிடும். கொத்தட்டையில் சுங்கச்சாவடி உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லையென்றால் கூடுதலாகத் தர வேண்டும். காரைக்காலில் யாராவது மலிவாக இருக்கிறதென்று சரக்கு பாட்டில் வாங்கி ஏற்றினால் உடனே இறக்கச் சொல்லுங்கள். நண்டலாற்றில் மறுபடியும் தமிழ்நாடு. பிடிபட்டால் வாங்கியவரோடு வண்டியும் மாட்டும்.

பேருந்தில் போகிறவர்களுக்கும் வழி சொல்லுங்கள். வேன் வாடகை எல்லோராலும் முடியாது. நாகையிலிருந்து காரைக்காலுக்கு அடிக்கடி பேருந்து, முக்கால் மணி நேரம். காரைக்காலில் சென்னை அல்லது புதுச்சேரி வண்டி. நேர் வண்டி கிடைக்காவிட்டால் சிதம்பரம், கடலூர் என்று மாறலாம். கடலூர்–புதுச்சேரிக்குக் காத்திருக்கவே வேண்டாம், வண்டி வந்துகொண்டே இருக்கும். வேளாங்கண்ணியிலிருந்து வரும் இரவுச் சென்னை வண்டிகள் நிரம்பியே வரும், ஏறினாலும் நள்ளிரவு தாண்டி இறக்கிவிடும். எந்த வண்டியானாலும் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பைபாஸா?" பெரிய பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள், சில்லறை இருக்கட்டும். ரயில் வேண்டாம். 1861-லேயே ரயில் கண்ட ஊர்தான் நாகை, ஆனால் புதுச்சேரிக்குத் திருவாரூர், மயிலாடுதுறை, விழுப்புரம் என்று சுற்ற வேண்டும்.

நாளும் பாருங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகையில் அறை கிடைக்காது. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கும் அப்படியே. சனிக்கிழமை காலை காரைக்கால் திருநள்ளாற்றுக் கூட்டத்தில் திணறும். முகூர்த்த நாளில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண வேன்கள் சாலையோரம் முழுக்க நிற்கும். அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்கு, தலைகீழாக. கப்பல் நாகையில் காலையில் கிளம்புகிறது, பதிவுக்கு அதற்கும் முன்னதாகவே வரச் சொல்வார்கள். புதுச்சேரியில் அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பி ஓட்டிவராதீர்கள். முதல் நாள் மதியமே கிளம்பி, கோட்டையையோ கோயிலையோ வரும்போது விட்டவர்களுக்கு இப்போது காட்டிவிட்டு, நாகையில் படுக்க வையுங்கள். கோட்டை ஐந்தே முக்காலுக்கு மூடுகிறது. கோயில் வேண்டுவோர் மாலை நடை திறக்கும் நேரத்துக்குச் சிதம்பரத்தில் இருந்தால் போதும்.

அன்புடன்,
இந்தத் தடம் அறிந்தவர்கள்